ஆறு டைல் தூரம்

கம்ப்யூட்டர் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து பதினேழுக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் பிளான்காரி. கரண்ட் போனால் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் காலண்டரில் குறித்துவைக்கிற பெண் அவள். கம்ப்யூட்டர் கண்ணை மூடியதைக் குறிக்காமல் விடுவாளா.

தெருவில் அவளை எல்லோரும் பிளான் அக்கா என்பார்கள். இனிமேல்தான் கட்டப்போகிற வீடுகளை வரைந்து கொடுப்பது அவள் வேலை. இன்ஜினியர் ஒருவர் ஒரு தாளில் கோழி கிளறியதுபோல எதையாவது கிறுக்கி அனுப்புவார். வாசல் எங்கே, சன்னல் எங்கே, படி எத்தனை என்று கண்டுபிடித்து அதை ஒரு வீடாக மாற்றுவாள் இவள். அரை அங்குலம் பிசகினாலும் சாப்பாடு இறங்காது. ஒருமுறை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவருடைய குளியலறைக் கதவை நாலு அங்குலம் தள்ளிப் போட்டுவிட்டது திடீரென்று ஞாபகம் வந்தது. பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்கு வந்து திருத்திவிட்டுத்தான் மறுபடி கிளம்பினாள். அந்த வீட்டில் இன்று குளிக்கிறவர்களுக்கு இந்தத் தியாகம் தெரியாது.

அவளுடைய வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அவள் வரைந்த வீடுகளில் பாதிக்கு அவர்தான் தரை போட்டிருக்கிறார். ஆனால் சொந்த வீட்டுத் தரைக்கென்று அவர் ஒரு டைல்கூடக் கடையில் வாங்கியதில்லை. வேலை முடிந்த இடத்தில் மீந்த ஒன்று இரண்டைக் கேட்டு வாங்கி வருவார். அதனால் அந்த வீட்டுத் தரையில் ஒரு டைல் போல இன்னொன்று இருக்காது. கட்டிலடியில் பல் டாக்டர் வீட்டு வெள்ளை. அதை ஒட்டிப் பள்ளிக்கூட வராண்டாவின் செங்கல் நிறம். அப்புறம் பேக்கரியின் சொரசொரப்பான சாம்பல். கட்டிலிலிருந்து வாசல்வரை நேர்க்கோட்டில் ஒன்பது டைல்கள், ஒவ்வொன்றும் இரண்டடி. நடுவில் ஐந்தாவதாக நகைக்கடையின் கறுப்பு, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். வருகிறவர்கள் கால் வைக்கத் தயங்கினால், "வழுக்காது, பயப்படாம நடங்க, ஒட்டினது நான்" என்பார்.

நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு வீட்டு மாடிப்படியில் டைல் பெட்டியோடு ஏறும்போது அவர் விழுந்தார். முட்டிக்கு மேலே எலும்பு இரண்டாயிற்று. சட்டைப்பையில் இருந்த போன் நொறுங்கிப்போயிற்று. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு நன்றாகவே கூடிவந்தது. இரண்டாவது மாதம் வாக்கரைப் பிடித்து நடக்கச் சொன்னார் டாக்டரம்மா. நடந்தார், நாலு டைல் தாண்டினார். அன்று மழை; யாரோ குடையைக் கொண்டுவந்து நடு ஹாலில் உதறியிருந்தார்கள். கறுப்பு டைலில் ஈரம். வாக்கர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனிதர் பயந்துவிட்டார். ஊரையெல்லாம் பயப்படாமல் நடக்கச் சொன்னவர், தன் கையால் ஒட்டிய தரையைப் பார்த்தே பயந்தார். அதை வெளியே சொல்வாரா? வலிக்கிறது என்றார். காலையில் கேட்டாலும் வலி, மாலையில் கேட்டாலும் வலி. வாக்கரின் மேல் துண்டு காயத் தொடங்கியது, பிறகு போர்வை, பிறகு அவளுடைய புடவை. கட்டிலுக்கு எதிரே சுவரில் டிவி. அதில் காட்டு விலங்குகளைக் காட்டும் சேனல் ஒன்றை வைத்துக்கொண்டு, மான்களும் புலிகளும் ஓடுவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். புது போன் வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, எனக்கு யார் போன் பண்ணப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தது அவளுடைய போன் ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் கம்ப்யூட்டரும் போனது.

புதன்கிழமை அவள் தங்கை வந்தாள். கடைவீதியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். பெட்டியைத் திறந்து மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு, போர்டு கருகிவிட்டது, இனி இதில் ரோஜாச்செடி வைக்கலாம் என்றாள். பிளான்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பன்னிரண்டு வீடு கொண்ட ஒரு அடுக்குமாடியின் வரைபடத்தோடு இன்ஜினியர் ஆபீசில் நிற்க வேண்டும். மனைக்குச் சொந்தக்காரர் மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல மாற்றிக் காட்ட வேண்டும். முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக இன்ஜினியர் நயமாகச் சொல்லியிருந்தார். நயமாகச் சொன்னால் நிஜமாகவே செய்துவிடுகிற மனிதர் அவர்.

"அழாத அக்கா," என்றாள் தங்கை. "நீ கையில வச்சிருக்கியே, அதுவே கம்ப்யூட்டர்தான். இந்த வயரை போன்ல ஒரு முனை, டிவில ஒரு முனை சொருகிட்டா டிவி உனக்கு மானிட்டர். பழைய கீபோர்டு, மவுஸ் போதும். வரையறதுக்கு போன்லயே ஆப் ஒண்ணு போட்டுத் தரேன். உன் பழைய படமெல்லாம் உருவி இதுக்குள்ள போட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே டிவியின் பின்னாலிருந்த கேபிளைப் பிடுங்கினாள். திரையில் ஒரு மான் அப்போதுதான் ஆற்றில் குதித்திருந்தது.

"என் மான் என்ன ஆச்சு?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"மானுக்கு நாலு காலு, அது தப்பிச்சுக்கும். நீங்க உங்க ரெண்டு காலைப் பாருங்க மாமா."

கொழுந்தியாளுக்குப் பதில் சொல்லி ஜெயித்த மாமன் யாரும் இல்லை.

அப்படித்தான் பிளான்காரியின் வேலை அவருடைய கட்டிலுக்கு எதிரே வந்து சேர்ந்தது. இத்தனை வருடமாக அவள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைவாள்; என்ன செய்கிறாள் என்று அவர் பார்த்ததே இல்லை. இப்போது கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு வரைந்தாள். வெள்ளைத் திரையில் ஒரு கோடு போகும். நின்று யோசிக்கும். திரும்பும். இன்னொரு கோட்டோடு போய்ச் சேரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு அறையாகிவிடும். வெளியே மூன்று நாளாக விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பகலா மாலையா என்று தெரியாத வெளிச்சம். எழுந்து டீ போடுவாள், இரண்டு ரொட்டியோடு அவருக்குக் கொடுப்பாள், தன் டீயைக் குடிக்க மறந்து ஆறவிடுவாள்.

முதல் நாளே ஒரு தொல்லை வந்தது. ஒரு மணி நேரம் போனால் போன் தோசைக்கல்லாகிவிடுகிறது, கோடு திக்கித் திக்கி நகர்கிறது. அவள் விசிறியால் வீசினாள், ஈரத்துணியில் வைக்கலாமா என்று யோசித்தாள். அதுவரை பேசாமல் கிடந்தவர் தொண்டையைச் செருமினார்.

"கட்டிலுக்கு அடியில கிரானைட் துண்டு ஒண்ணு கிடக்கும் பாரு. அதும்மேல வை. கல்லு சூட்டை இழுத்துக்கும்."

வைத்தாள். இழுத்துக்கொண்டது. நாலு மாதத்தில் அவர் சொல்லி நடந்த முதல் வேலை அது. அன்றிலிருந்து போன் அந்தக் கல்லின் மேலேயே வயரோடு உட்கார்ந்திருந்தது. ஒரே நாளில் அதற்கு வீட்டில் பெயரும் மாறிவிட்டது. "கம்ப்யூட்டர் அடிக்குது, எடு" என்பார் அவர். "கம்ப்யூட்டருக்கு சார்ஜ் போடணும்" என்பாள் அவள்.

கடைக்குப் போகும்போது மட்டும் அவள் அதைக் கழற்றிக்கொண்டு போவாள். அப்போது டிவி நீலமாகிவிடும். அதில் 'சிக்னல் இல்லை' என்ற இரண்டு சொல் மட்டும் மெதுவாக மிதந்து போகும். ஓரத்தில் இடித்துத் திரும்பும், மேலே போகும், மறுபடி திரும்பும். சரியாக மூலையில் போய் இடிக்குமா என்று அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறைகூட இடிக்கவில்லை. ஒரு மயிரிழையில் தப்பிவிடும். தூறல் சத்தமும் அந்த நீலமும் சேர்ந்து, தான் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று அவருக்கே நிச்சயமில்லாமல் போகும்.

வியாழக்கிழமை மதியம் அந்த விஷயம் நடந்தது. அவள் மூன்றாவது மாடிச் சமையலறையில் சன்னல் வைத்துக்கொண்டிருந்தாள். போனுக்கு வருகிற மெசேஜ் எல்லாம் டிவியின் தலையில் பெரிதாக வந்து நிற்கும் என்பதை அவள் இன்னும் முழுசாக உணரவில்லை. தங்கை அனுப்பியது வந்து நின்றது. அவர் எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படித்தார்.

"டாக்டரம்மா சொன்னதை மாமாகிட்ட சொன்னியா இல்லையா? இன்னும் ரெண்டு வாரத்துல கால் ஊனலன்னா முட்டி அப்படியே இறுகிடும், மறுபடி அறுக்கணும், அறுத்தாலும் சொல்ல முடியாது…"

அவள் மவுஸைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"எத்தனை நாளா மறைச்ச?"

"அஞ்சு நாளா." கொஞ்சம் கழித்து, "நாலரை," என்று திருத்தினாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. சொன்னால் இன்னும் பயப்படுவார் என்று பயந்தாள், அவ்வளவுதான். அதை இரண்டு பேருமே அறிவார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவர் மறுபடி டிவிப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வேறு எங்கே பார்ப்பது? சற்று நேரம் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டாவது மாடி வீட்டைக் கிட்ட கொண்டா" என்றார். அவள் சக்கரத்தை உருட்டினாள். வீடு பெரிதாகி அருகே வந்தது. வாசலிலிருந்து உள்ளே போகச் சொன்னார். அம்புக்குறி வாசல் வழியாக உள்ளே போயிற்று. ஹாலைத் தாண்டு என்றார், பால்கனிக்குப் போ என்றார். இங்கே நின்றால் மழை தெரியுமா என்று கேட்டார். தெற்குப் பக்கம், நன்றாகத் தெரியும் என்றாள்.

அன்று முழுவதும் பன்னிரண்டு வீட்டுக்குள்ளும் அவர் போய்வந்தார். கேள்விகள் குறைந்துகொண்டே வந்தன. கண் பாதி மூடியிருந்தது. கோடுகள் எழும்பிச் சுவர்களாயின. புதுச் சுண்ணாம்பு வாசனை வந்தது. இன்னும் யாரும் குடிவராத அறைகளில் அவர் வெறுங்காலோடு, கையில் எதையும் பிடிக்காமல், ஒவ்வொரு சன்னலாகத் திறந்துவிட்டபடி நடந்தார். தரை இன்னும் போடவில்லை, சிமெண்ட்தான். குளிர்ச்சியாக இருந்தது. இந்த வீட்டுக்கு என்ன நிறம் ஒட்டலாம் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார். கடைசிப் படி வந்ததும் விழித்துக்கொண்டார். வலது கால் போர்வைக்குள் மரக்கட்டை போலக் கிடந்தது. அவருக்கு அழுகை வந்தது. மூக்குச் சிந்துவதுபோலச் சமாளித்தார்.

அவள் பார்த்துவிட்டாள். நாலு மணிக்கே அடுக்குமாடியை முடித்துவிட்டாள். முடித்த கையோடு புதிதாக ஒரு வெள்ளைத் திரையைத் திறந்து, நாலு கோடு போட்டாள். ஒரு கட்டில் வரைந்தாள். எதிரே டிவி. இந்தப் பக்கம் கதவு.

"இது நம்ம ஹாலுதான?" என்றார்.

"ம். சும்மா. கை வேகம் வரட்டும்னு."

கட்டிலிலிருந்து கதவுவரை சதுரம் சதுரமாகத் தரை போட்டாள். ஒவ்வொன்றுக்கும் நிறம் கொடுத்தாள். வெள்ளை, செங்கல், சாம்பல். அதன்மேல் சின்னச் சின்னதாகப் பாதங்கள், வலது ஒன்று, இடது ஒன்று. வரைந்து முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல், "கதவு இவ்வளவு கிட்டத்துலதான் இருக்கு, பாருங்க" என்றாள். அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை அவள் ஒரு பட்டியல் எழுதினாள். எங்கே போவதென்றாலும் பட்டியல் எழுதுவாள். குடை, பேனா, தண்ணீர், தாளில் எடுத்த பிரதி, மவுஸ். இன்ஜினியர் ஆபீஸ் மவுஸ் ஒரு இடத்தில் நிற்காது, அதனால் தன்னுடையதை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே மானிட்டரும் கீபோர்டும் இருந்தன, இதே போல இன்னொரு வயரைத் தங்கை நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பையில் போட்டு, ஒவ்வொன்றாக அடித்தாள். கம்ப்யூட்டர் என்று பட்டியலில் எழுதவில்லை. கம்ப்யூட்டரை யாராவது பையில் போடுவார்களா? பன்னிரண்டு வருடமாக அதை வீட்டில் விட்டுவிட்டுத்தானே வெளியே போய்க்கொண்டிருக்கிறாள்.

வாசலில் செருப்பை மாட்டியவள், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நம்ம ஹால் படத்தைத் திரையில் கொண்டுவந்து வைத்தாள்.

"இதை அப்படியே விட்டுட்டுப் போறேன். அந்த நீலத்தையே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருக்காம இதைப் பாத்துக்கிட்டிருங்க."

"சரி, நீ கிளம்பு. பஸ்ஸு போயிடும்."

இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. அவள் குடையை விரித்துக்கொண்டு தூறலில் இறங்கிப் போனாள்.

ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். படத்தின் மேல் பெரிய எழுத்தில் 'இன்ஜினியர்' என்று வந்தது. கல்லின் மேல் போன் அதிர்ந்தது. இவளிடம் பேசுவதை இவளிடமே பேசவேண்டியதுதானே என்று எரிச்சலோடு நினைத்தவர், பாதி நினைப்பிலேயே எழுந்து உட்கார்ந்தார். படம் அங்கே இருக்கிறது என்றால் போன் இங்கே இருக்கிறது. போன் இங்கே இருந்தால் பன்னிரண்டு வீடும் இங்கேதான் இருக்கிறது.

அவளைக் கூப்பிட்டுச் சொல்லலாமென்றால், கூப்பிட வேண்டிய போன் அதுவேதான். பக்கத்து வீட்டைப் பெயர் சொல்லிக் கத்தினார். வேலை நாள், தெருவில் பூனைகூட இல்லை. பஸ் பத்து பத்துக்கு. ஏறிவிட்டால் ஆபீஸ் போய் இறங்க முக்கால் மணி நேரம். அங்கே போய் நின்று பையைத் திறந்து, உள்ளே கைவிட்டு, மவுஸை எடுத்து மேசைமேல் வைப்பாள். அந்தக் காட்சி அவர் கண்ணில் வந்தது. அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்பதும் தெரிந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

மேலே காய்ந்துகொண்டிருந்த புடவையை உருவிக் கட்டிலில் எறிந்துவிட்டு வாக்கரை இழுத்தார். இடது காலை ஊன்றினார். வலது காலை ஊன்றினார். முட்டி ஊளையிட்டது. வலி என்று நாலு மாதமாகச் சொல்லிவந்தது பொய்யில்லை, கொஞ்சம் நிஜமும் இருந்தது. டிவிக்குக் கீழே மேசையில் இருந்த போனைப் பிடுங்கிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். பின்னால் திரை நீலமாயிற்று. சொற்கள் மிதக்கத் தொடங்கியிருக்கும். மூலையில் இடித்ததா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் டைல், பல் டாக்டர் வீடு. அங்கே ஒரு குழந்தை ஈரச் சிமெண்டில் கை வைத்துவிட்டது. பள்ளிக்கூட வராண்டா, மணி அடித்தால் ஒட்டவே விடமாட்டார்கள். பேக்கரி, மாவு வாசனையில் இரண்டு வாரம் வேலை பார்த்தார். நாலாவது யாருடைய வீடு என்று ஞாபகம் வரவில்லை. அடுத்தது கறுப்பு. அதன் முன்னால் நின்றார். அதற்குள் அவர் முகம் தெரிந்தது, தாடியோடு, யாரோ ஒருவர் கிணற்றிலிருந்து பார்ப்பதுபோல. ஈரம் இருக்கிறதா என்று வாக்கரின் காலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. "வழுக்காது, பயப்படாம நட, ஒட்டினது நான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். முகத்தின் மேலேயே காலை வைத்துத் தாண்டினார். மிச்சம் நாலு. பிறகு வாசற்படி, பிறகு மழை.

அவள் பஸ் ஸ்டாப்பில், கிளம்பிவிட்டேன் என்று இன்ஜினியருக்குச் சொல்லலாமென்று பைக்குள் கைவிட்டாள். மவுஸ்தான் வந்தது. எதிரே பஸ் வந்து நின்றதைப் பார்த்தபடியே திரும்பி ஓடத் தொடங்கினாள். குடையை விரிக்கவும் தோன்றவில்லை. தெருமுனை திரும்பியதும் நின்றுவிட்டாள். அவர்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. வாக்கர் வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

கிட்டே வந்தவள் முதலில் அவர் காலைத்தான் பார்த்தாள். ஒரு காலைப் பார்த்தாள், இன்னொரு காலைப் பார்த்தாள். அப்புறம் கேட்டின் மறுபக்கக் கம்பியைத் தானும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்ஜினியர் மறுபடி கூப்பிட்டாரு," என்றார், மூச்சு வாங்க. "நான்தான் எடுத்தேன். அடுத்த பஸ்ஸுல வருவான்னு சொல்லிட்டேன்." பனியனுக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டினார். "இந்தா. உன் கம்ப்யூட்டர்."

அவள் வாங்கிக்கொண்டாள். முந்தானையால் அதைத் துடைத்தாள், பிறகு அவர் முகத்தைத் துடைத்தாள்.

"ஒரு விஷயம்," என்றார். "நீ வரைஞ்ச படத்துல ஆறு டைலுதான் இருக்கு. கட்டில்லேருந்து கதவுக்கு ஒன்பது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டுமென்றே தப்பாகப் போட்ட அளவு அது. "நடந்து பாத்துதான் தெரிஞ்சுதா?" என்றாள்.

"இல்ல. நேத்து நீ போடும்போதே எண்ணிட்டேன். கறுப்பைக் காணோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ திருத்திடுவ."